அறுபத்து நான்கு வினாடிக் கதவு

அத்தியாயம் 14

பதினொரு நாளாக அந்த வீட்டு மாடிப்படியில் பேச்சுமூச்சில்லை.

கீழே அக்காவும் அவள் வீட்டுக்காரரும். மேலே, அக்காவோடு கூடப் பிறந்த தம்பி. படியில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார். தினமும் கீழே வந்து சாப்பிட்டுப் பழகியவன் இப்போது தானே முட்டை பொரித்துக்கொள்கிறான். கருகிய வாசனை மட்டும் இறங்கி வந்து அக்காவின் அடுப்படியில் நிற்கும்.

"பாவம், மாப்ள இன்னிக்கும் கருக்கிட்டான்" என்பார் வீட்டுக்காரர்.

"கருகட்டும்" என்பாள் அக்கா.

சண்டைக்குக் காரணம் ஐந்து வினாடி.

அக்காவும் தம்பியும் வேலை பார்ப்பது ஒரே கார் தொழிற்சாலையில். அக்காவுக்குக் கதவு வரிசை. ஊர்ந்து வரும் ஒவ்வொரு காரிலும், மழைத்தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பரை முன்கதவைச் சுற்றி அமுக்கிப் பொருத்த வேண்டும். பத்து வருஷமாக அதே வேலை. அங்கே இருபது வயதுக்காரனுக்கும் அவள் அக்காதான், ஐம்பது வயதுக்காரருக்கும் அக்காதான். மூன்று மாதத்துக்கு முன்னால் கதவு வரிசைக்காரர்கள் ஓட்டுப் போட்டு அவளைத் தங்கள் சங்கப் பிரதிநிதி ஆக்கினார்கள். அந்த வரிசையிலிருந்து சங்கத்துக்குப் போன முதல் பெண் அவள்.

தம்பி நேரம் அளக்கும் இன்ஜினீயர். கையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஓரமாக நின்று, யார் எந்த வேலையை எத்தனை வினாடியில் செய்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவான். அவன் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவனை ‘வாட்ச்’ என்பார்கள்.

அந்த வாட்ச் ஓர் அறிக்கை எழுதியது. ‘கதவு ரப்பருக்கு இப்போது அறுபத்தொன்பது வினாடி கொடுக்கிறோம். அறுபத்து நான்கிலேயே முடிக்க முடியும்.’ கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து வினாடி குறைந்தால் ஒரு ஷிஃப்டுக்கு இருபத்தொன்பது கார் அதிகம். அந்த இருபத்தொன்பதையும் அமுக்கப்போவது அதே விரல்கள்.

அறிக்கை சங்க அலுவலகத்துக்கு வந்தது. அக்கா படித்தாள். அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கூடப் பிறந்தவ கையையே அளந்து கொண்டுபோய்க் குடுத்துட்டியேடா" என்றாள். "நான் பார்த்ததைத்தானே எழுதினேன்" என்று தம்பி எழுந்து மாடிக்குப் போனான். போனவன் போனவன்தான்.

இன்று காலை பத்து மணிக்கு அந்த அறுபத்து நான்கு வினாடிக்குச் சோதனை.

*

வீட்டுக்காரருக்கு டிரைவர் வேலை. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் காலை ஷிஃப்ட் பஸ் அவருடையது. வண்டி இவர்கள் தெருவிலிருந்துதான் கிளம்பும். அதனால் முதல் பயணி எப்போதும் அக்கா. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் அவளுடையது. அடுத்த நிறுத்தம் வரும்வரை புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஏழு நிமிஷம் சொந்தமாகக் கிடைக்கும். வீட்டில் பேச முடியாததை எல்லாம் அங்கேதான் பேசுவார்கள்.

அன்று அக்கா வாய் திறக்கவே இல்லை. மூன்றாவது திருப்பத்தில் அவரே கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"என்னம்மா, சோதனையை நெனச்சு பயமா?"

"சோதனைக்குப் பயமில்லைங்க."

"பின்ன?"

அவள் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள்.

"அவன் அன்னிக்கு அளந்தானே, அது என்னைத்தான்."

"தெரிஞ்ச விஷயந்தானே."

"தெரியாதது ஒண்ணு இருக்கு. வழக்கமா நான் அந்த வேகத்துல செய்யறதே இல்ல."

டிரைவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையைப் பார்த்தார். அப்புறம் மறுபடி கண்ணாடியை.

"தம்பி முதல் தடவையா நம்ம வரிசைக்கு வந்து நிக்கிறான்" என்றாள் அக்கா. "டை கட்டிக்கிட்டு, அட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு. எனக்கு என்ன கிறுக்கு பிடிச்சுதோ. அக்கா எப்பேர்ப்பட்ட வேலைக்காரின்னு அவனுக்குக் காட்டணும்னு தோணிச்சு. பறந்தேங்க. கதவு கதவா பறந்தேன். அறுபத்திரண்டு வினாடி. அவன் மூச்சு விட ரெண்டு வினாடி சேர்த்து, அறுபத்து நாலுன்னு எழுதிட்டான்."

"அடிப்பாவி!"

"சிரிக்காதீங்க."

"நான் எங்கே சிரிச்சேன்?" என்றவர் தோள் குலுங்கியது. "அப்ப பதினொரு நாளா அந்தப் பையன் கருகின முட்டையைத் தின்னுக்கிட்டு இருக்கான். கோபம் யார் மேல, அவன் மேலயா, உன் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்."

"சொல்லிடு."

"எப்படிச் சொல்லுவேன்? ஓட்டுப் போட்ட நாப்பது பேர் முன்னால, ‘உங்க வேகத்தைக் கூட்டினது நான்தான்’னு சொல்லச் சொல்றீங்களா? மூணே மாசத்துல என்னை இறக்கிடுவாங்க."

பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. அடுத்த நிறுத்தத்தில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் முதலில் ஏறியவள் பாட்டுக்காரி. அக்காவோடு அதே இடத்தில் முறைபோட்டு வேலை செய்கிறவள். வேலை நேரம் முழுக்க வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

"அக்கா, இன்னிக்கு உன் தம்பிக்கு நம்ம சங்கம் வேடிக்கை காட்டப்போகுது. விரலுக்கெல்லாம் எண்ணெய் போட்டு நீவிவிட்டு வந்திருக்கேன்!"

அக்கா சிரித்து வைத்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது.

*

பத்து மணிக்குக் கதவு வரிசையில் நிற்க இடமில்லை. மேலேயிருந்து பெரிய மேனேஜர் இறங்கி வந்திருந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி. குரலே எழும்பாது. அந்தக் குரல் கேட்க வேண்டுமென்றால் மற்றவர்கள்தான் வாயை மூட வேண்டும். சங்கத்தின் செயலாளர் வந்திருந்தார். அவர் நேர் எதிர்; அவர் ரகசியம் சொன்னால் பெயின்ட் பகுதிவரைக்கும் கேட்கும்.

தம்பி ஓரமாக, கையில் அட்டையும் வாட்ச்சுமாக நின்றான். அக்கா பக்கம் திரும்பவில்லை.

செயலாளர் ஒப்பந்தப் புத்தகத்தைப் பிரித்தார். "இருபத்து மூணாம் பிரிவு. ‘புதிய வேகம் எதுவும் ஒரு மணி நேரக் கூட்டுச் சோதனைக்குப் பிறகே அமலுக்கு வரும்.’ இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வரியைப் படிக்கிறேன். ‘வேலையை அளந்தவர், சோதனையின் பிற்பாதியில் அந்த வேலையைத் தம் கையால் செய்து பார்க்க வேண்டும்.’"

"இப்படி ஒரு வரி இருக்கா?" என்றார் மேனேஜர்.

"பெரிய வேலைநிறுத்தம் முடிஞ்சப்போ எழுதினது, மேடம். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் கையெழுத்துப் போட்டிருக்கார். யாரும் இதுவரைக்கும் எடுத்ததில்ல."

மேனேஜர் புத்தகத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு தம்பியைப் பார்த்து, "உங்க சைஸுக்கு ஏப்ரன் இருக்கான்னு கேளுங்க" என்றார்.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

முதல் அரை மணி நேரம் பாட்டுக்காரியின் முறை. வேகம் அறுபத்து நான்கு. ரப்பர் சுருளை எடுக்க அலமாரிக்கு ஓடினாள், வந்தாள், மேல் மூலையில் தொடங்கி அமுக்கிக்கொண்டே கீழே இறங்கினாள், சுற்றி ஏறினாள், ரப்பர் சுத்தியலால் நான்கு தட்டு தட்டினாள், கதவுக்குள் போகும் ஒயரின் தலையைச் செருகினாள், அடுத்த கார். பாடிக்கொண்டேதான் தொடங்கினாள். ஆறாவது காரில் பாட்டு முணுமுணுப்பானது. பத்தாவது காரில் நின்றுவிட்டது.

தம்பி வாட்ச்சிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அட்டையில் எதையோ எழுதினான்.

பதினோராவது காரில் அவள் மஞ்சள் கயிற்றை இழுத்தாள். தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் கூரையில் விளக்கு எரியும், குழந்தைகள் பொம்மையில் வருவது போல ஒரு மெட்டு ஒலிக்கும், உதவிக்கு ஆள் ஓடி வரும். அரை மணி நேரத்தில் அந்த மெட்டு ஆறு தடவை ஒலித்தது. வந்த இருபத்தெட்டுக் காரில் நான்கில் ரப்பர் சரியாக உட்காரவில்லை.

"நாலு கார்ல தண்ணி இறங்கும்" என்றார் செயலாளர், ரகசியமாக. பெயின்ட் பகுதியில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப இவர் முறை" என்றார் மேனேஜர். "பழைய வேகத்திலேயே ஓடட்டும். பழக்கமில்லாத ஆள்."

தம்பி டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் திணித்தான். ஏப்ரன் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஸ்டாப்வாட்ச்சை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். ஒரு கை நீண்டு வந்து அதை வாங்கிக்கொண்டது. அக்காவின் கை.

அவன் பின்னால், விட்டதைப் பிடிக்க நெட்டை நின்றான். வரிசையிலேயே உயரமானவன், அதே இடத்தில் முறைபோட்டு வேலை செய்யும் மூன்றாவது ஆள்.

முதல் கார் வந்தது. தம்பி பாய்ந்து வேலை செய்தான். சுற்றி முடித்து நிமிர்ந்தபோது கையில் ஒரு சாண் ரப்பர் மிச்சமிருந்தது.

"இதை என்ன பண்றது?" என்றான் பதறிப்போய்.

"வீட்டுக்குக் கொண்டுபோங்க சார், செருப்புக்கு வச்சுத் தைக்கலாம்" என்றான் நெட்டை.

மெட்டு ஒலித்தது. இரண்டாவது கார். இந்தத் தடவை ரப்பர் ஒரு சாண் போதவில்லை. மெட்டு. மூன்றாவது காரில் ரப்பர் சரியாக இருந்தது, ஆனால் சுத்தியலைக் காருக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டான். நெட்டை அந்தக் காரோடு ஓட வேண்டியதாயிற்று. மேனேஜர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐந்தாவது காரில் அவன் உள்ளங்கையால் குத்திக் குத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கட்டைவிரல்."

பதினொரு நாளில் அக்கா அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"என்ன?"

"கட்டைவிரலால அமுக்குடா. உள்ளங்கையால குத்தாத. மூலையில முதல்ல உட்கார வை. அவசரப்படாத, அது தானா வழி சொல்லும்."

அமுக்கினான். டப் டப்பென்று ரப்பர் வரிசையாக உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டு அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. "ரப்பரைத் தோள்ல போட்டுக்கோ." "ஒயருக்கு இடது கை." "முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காத." பதினைந்தாவது காரில் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருபத்தொன்றாவது காரில் கயிற்றைத் தொடாமல், சுத்தியலை மறக்காமல், மிச்சமில்லாமல் முடித்துவிட்டுப் பின்வாங்கினான்.

அக்கா வாட்ச்சை அழுத்தினாள். "அறுபத்தெட்டு!"

நெட்டை சுத்தியலால் இரும்புத் தூணைத் தட்டினான். பாட்டுக்காரி தட்டினாள். ஒருவரைப் பார்த்து ஒருவராகக் கதவு வரிசை மொத்தமும் தட்டியது. தம்பி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். தூக்கிய கட்டைவிரல்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

அடுத்த காரை அதே பெருமையில் கோட்டைவிட்டான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

*

கண்ணாடி அறைக்குள் நான்கு பேர்: மேனேஜர், செயலாளர், அக்கா, தம்பி. வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பாட்டுக்காரியும் நெட்டையும். கதவு பாதி திறந்திருந்தது. பேச்சு வெளியே கேட்கட்டும் என்று செயலாளர்தான் அப்படி விட்டிருந்தார்.

"சொல்லுங்க" என்றார் மேனேஜர் தம்பியிடம். "அறுபத்து நாலு வினாடி முடியுமா?"

"முடியாது, மேடம்."

"நீங்கதானே முடியும்னு எழுதினீங்க?"

"தப்பா எழுதிட்டேன்." அவன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டான். "மத்தியான வெயில் நேரத்துல அளந்தேன். அப்ப ரப்பர் இளகியிருக்கும். காலையில விறைப்பா வருது, இன்னிக்குத் தொட்டுப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. அலமாரிக்கும் காருக்கும் போக வர பதினெட்டு அடி நடக்கணும். அதை நான் வேலையாவே எழுதல. அதைவிடப் பெரிய தப்பு, ஒரே ஒரு ஆளை அளந்தேன். அதுவும் ஒரே ஒரு நாள்."

"அந்த ஆள் அந்த வேகத்துல செஞ்சாங்கதானே?"

"செஞ்சாங்க."

"யாரு?"

தம்பி மேசையைப் பார்த்தான். "அது முக்கியமில்லை, மேடம். அளந்தது நான். தப்பு என்னோடது."

அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு இருபத்தாறு கதவை அமுக்கியதில், அறுபத்திரண்டு என்பது எப்பேர்ப்பட்ட பறத்தல் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. யாருக்காகப் பறந்தாள் என்பதும் புரிந்திருக்கும். வாயைத் திறக்காமல் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்.

அவள் எழுந்து நின்றாள். குரல் வெளியே கேட்கும் என்று தெரிந்தே பேசினாள்.

"நான்தான், மேடம். அவன் அளந்தது என்னை. அது என் வழக்கமான வேகம் இல்ல. தம்பி வந்து நிக்கிறானேன்னு பெருமையில பறந்துட்டேன். நாப்பது பேருக்கு வேகம் கூடப்போகுதுங்கிற நெனப்பே அன்னிக்கு எனக்கு இல்ல. அவன் மேல கோபப்பட்டேனே தவிர, இதை யார்கிட்டயும் சொல்லல. பிரதிநிதியா இருக்கிறவ முதல் நாளே சொல்லியிருக்கணும்."

செயலாளர் கையிலிருந்த ஒப்பந்தப் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

கண்ணாடிக்கு வெளியே பாட்டுக்காரி வாயைப் பிளந்து நின்றாள். பிறகு பாதிக் கதவு வழியாகத் தலையை நீட்டினாள்.

"மன்னிக்கணும் மேடம், நடுவுல பேசறேன். அறுபத்திரண்டா செஞ்சே, அக்கா? நெஜமாவா?"

"நெஜமா."

"கயிறு இழுக்காம?"

"இழுக்காம."

பாட்டுக்காரி நெட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "அறுபத்திரண்டாம்டா!" என்றாள். அந்தக் குரலில் கோபத்தைத் தேடினால் கிடைக்காது. பெருமைதான் இருந்தது. "எங்க அக்காடா!"

முதலில் சிரித்தது செயலாளர். அவர் சிரித்தால் சிரிப்பு அந்த அறையில் அடங்காது. மேனேஜரும் சிரித்துவிட்டார். தம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். அக்கா மட்டும், சிரிப்பும் அழுகையும் கலந்து வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சிரிச்சது போதும்" என்றார் மேனேஜர். "எனக்கு இன்னும் கார் வேணும். அதுக்கு வழி சொல்லுங்க."

தம்பி அட்டையைத் திருப்பினான். பின்பக்கம் பென்சிலில் ஒரு படம் இருந்தது. ரப்பர் அலமாரிக்குச் சக்கரம் வைத்து, காரின் பக்கவாட்டில் கொக்கியில் மாட்டி, காரோடு கூடவே நகரும்படி வரைந்திருந்தான். "நடக்கிற பதினெட்டு அடி மிச்சமாகும். விரலுக்கு வேலை அதிகமாகாது. காலையில ரப்பரைச் சூடான அறையில வச்சு எடுத்தா அதுலயும் கொஞ்சம் மிச்சம்."

அக்கா எட்டிப் பார்த்தாள். "கொக்கி இந்தப் பக்கம் இருந்தா ஒயர்க்காரங்களுக்கு இடிக்கும். அந்தப் பக்கம் போடு."

"இங்கேயா?"

"அங்கே இல்லடா, கீழே."

பென்சிலை அவன் கையிலிருந்து பிடுங்கி அவளே வரைந்தாள். இரண்டு தலைகளும் அட்டையின் மேல் குனிந்திருந்தன. மேனேஜரும் செயலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டரைக்குக் கையெழுத்தானது. இப்போதைய வேகம் அப்படியே இருக்கும். சக்கர அலமாரி செய்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இனிமேல் ஒரு வேலையை அளப்பதென்றால், முறைபோட்டுச் செய்யும் மூன்று பேரையும், காலையிலும் மத்தியானமும், சங்கப் பிரதிநிதி பக்கத்தில் நிற்க அளக்க வேண்டும். அக்காவும் தம்பியும் ஒரே தாளில் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பியின் கையெழுத்து கோணலாக வந்தது. பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

செய்தியை வரிசையில் சொன்னபோது எழுந்த கூச்சலில், உதவிக்கான மெட்டென்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். இடைவேளை முடிவதற்குள் அக்காவுக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது: ‘விமானம்’. கேன்டீனில் டீ வாங்கப் போனால், "விமானத்துக்கு வழி விடுங்கப்பா!" என்று வரிசையே விலகி நின்றது. அவளை இறக்கிவிட வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பாட்டுக்காரி மட்டும் காதோரம் வந்து சொன்னாள்: "இன்னொரு தடவை பறந்தே, றெக்கையை ஒடச்சிடுவேன்."

*

மூன்று மணிக்கு ஷிஃப்ட் விட்டது. அக்கா வாசலைத் தாண்டும்போது மேலே அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்து, "மேடம் உங்க கையில குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு கவரைக் கொடுத்தாள். மத்தியானம் போட்ட ஒப்பந்தத்தின் நகலாக இருக்கும் என்று அவள் பையில் செருகிக்கொண்டாள்.

பஸ் நிறைந்திருந்தது. கிளம்பப் போகிற நேரத்தில் தம்பி வந்து படியில் நின்றான். என்றைக்கும் ஸ்கூட்டரில் போகிறவன்.

"ஸ்கூட்டர் என்ன ஆச்சு, மாப்ள?" என்றார் டிரைவர்.

"பிரேக் பிடிக்க விரல் வரல, மாமா."

பஸ் மொத்தமும் சிரித்தது. யாரோ கை கொடுத்து ஏற்றினார்கள். அக்கா சன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதிரே இருந்த கண்ணாடியையே பார்த்தார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து டிரைவர் இவர்களைப் பார்த்தார்.

"உனக்கு இப்படித்தான் வலிக்குமா, அக்கா?"

"காலையில ரெண்டு நிமிஷம் விரல் மடங்காது. அப்புறம் சரியாயிடும்."

"பத்து வருஷமாவா? மாமாவுக்குத் தெரியுமா?"

"அவர்தானே தினம் காலையில டீ கிளாஸைப் பிடிச்சுக் குடுக்கறார்."

தம்பி அவள் விரல்களைப் பார்த்தான். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே பதினாறு படி. அதைத் தாண்டி இந்த விஷயம் அவனுக்கு எட்டவில்லை.

"ராத்திரிக்கு என்ன சாப்பாடு?" என்றான் கடைசியில்.

"முட்டை இல்ல" என்றாள் அக்கா.

முன்னால் டிரைவர் காரணமில்லாமல் ஹாரன் அடித்தார்.

"இன்னொரு விஷயம்" என்று தம்பி குரலைத் தாழ்த்தினான். "மத்தியானம் எங்க இன்ஜினீயர்ங்க அஞ்சு பேர் என் மேசைக்கு வந்தாங்க. எங்களுக்கும் ஞாயித்துக்கிழமைங்கிறதே கிடையாது, வேலை நேரம்னு ஒரு வரையறையும் கிடையாது. நாமளும் ஒரு சங்கம் வச்சா என்னன்னு கேக்கறாங்க. நான்தான் முன்னால நிக்கணுமாம்."

"நீயா?" அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சுத்தியலை உள்ள வச்சுக் கதவைச் சாத்தினவனா?"

"அதைப் பார்த்துட்டுத்தான் கேட்டாங்க."

அக்காவின் சிரிப்பு பின்சீட்டுவரைக்கும் கேட்டது. "இரு, நம்ம ரெண்டு பேர் கையெழுத்தையும் மாமாவுக்குக் காட்டறேன்" என்று கவரைக் கிழித்தாள்.

உள்ளே இருந்தது ஒப்பந்த நகல் இல்லை. ஒற்றைத் தாள். கம்பெனியின் பெயர் அச்சிட்ட, கனமான தாள். முதல் வரியில் அவள் முழுப் பெயர். அவளே கையெழுத்துப் போடும்போது மட்டும் பார்க்கிற பெயர்.

‘கதவு வரிசையின் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்க உங்களை அழைக்கிறோம். திங்கட்கிழமைக்குள் பதில் தரவும்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். தம்பி தோளுக்கு மேல் எட்டிப் படித்தான்.

மேற்பார்வையாளர் என்றால் ரப்பரைத் தொட வேண்டாம். காலையில் விரல் மடங்கும். ஆனால் மேற்பார்வையாளர்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். சங்கத்தில் இருக்க முடியாது.

"அப்ப மேசைக்கு இந்தப் பக்கம் சங்கத்துல நான்" என்றான் தம்பி மெதுவாக. "அந்தப் பக்கம் நிர்வாகத்துல நீயா?"

"தேதியைப் பாரு" என்றாள் அக்கா.

நேற்றைய தேதி. சோதனை நடப்பதற்கு முன்னால், யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாதபோது, மேனேஜர் போட்ட கையெழுத்து.

சிவப்பு விளக்கில் பஸ் நின்றது. டிரைவர் திரும்பிக் கை நீட்டித் தாளை வாங்கிப் படித்தார். படித்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அடுத்ததாக வந்தது என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

"உன் வேலையைப் பார்த்துக் குடுக்கறாங்களா, உன்னைச் சங்கத்துலேருந்து கழட்டக் குடுக்கறாங்களா?" என்றார்.

"தெரியலங்க."

"என்ன பண்ணப்போற?"

பின்னாலிருந்து கைதட்டல் கிளம்பியது. விவரம் ஒன்றும் தெரியாமல் நெட்டை கத்தினான்: "விமானம் ரெண்டு வார்த்தை பேசணும்!" பஸ்ஸே அதைப் பிடித்துக்கொண்டது. "பேசணும்! பேசணும்!"

தாளை மடித்துப் பையில் போட அவளுக்கு ஒரு வினாடி போதும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் பேசி முடிவெடுக்கலாம். தம்பி அதைத்தான் எதிர்பார்த்தான்.

அக்கா புருஷன் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கம்பியைப் பிடித்து, பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"கொஞ்சம் கையைத் தட்டறதை நிறுத்துங்க. எனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. உங்களுக்கு வாசிச்சுக் காட்டறேன். கேட்டுட்டு, நான் என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க."

டிரைவர் பச்சை விளக்கைத் தாண்டி பஸ்ஸை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார்.